மேடைக்குக் கரி ஆகாது

நான் இன்று உயிரோடிருப்பதற்குக் காரணம் என் அந்தஸ்துக் குறைவுதான். சொல்ல வெட்கமில்லை. கல்கத்தா தென்னாட்டார் வர்த்தக பரோபகார சபையில் நான் கடைசி பெஞ்சு அங்கத்தினனாக இருந்தேன். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. பேசினவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. நோட்டு இருக்கிறது.

தலைநகரை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போன மறு வருஷம் சபை பிறந்தது. வைஸ்ராய் போனார், அவர் பின்னாலேயே பட்டங்களும் போய்விட்டன. ராவ் பகதூர் ஆகப்போகிறோம் என்று பத்து வருஷமாகக் கோட்டுப் பித்தானைத் துடைத்துக்கொண்டிருந்த நம்மவர்கள் ஹூக்ளிக் கரையில் திக்கற்று நின்றார்கள். கொடுக்க ஆளில்லாவிட்டால் என்ன, நாமே கொடுத்துக்கொள்ளலாமே என்று பாலிகஞ்சில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்த சீதாராமய்யர் தலைவர். சணல் கம்பெனி ஹெட் கிளார்க் வைத்தீஸ்வரய்யர் உபதலைவர். எதற்கும் ஒரு விதி வைத்திருந்த வெங்கடராமய்யர் செக்ரட்டரி.

முதல் காரியமாக ஒரு வெள்ளிப் பதக்கம் அடித்தார்கள். பெயர் 'நிஷ்காம்ய வர்த்தக சிரோமணி'. புகழில் ஆசையே இல்லாமல், ஊருக்கு உபயோகமாகத் தொழில் செய்கிற ஒருவருக்குக் கொடுப்பதற்கு. மூன்று பேரும் தங்கள் தங்கள் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது மூன்று சீட்டு, மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வோட்டு. நான்கு கூட்டம் சண்டை நடந்தது. கடைசியில், யாருக்கு இதைக் கொடுத்தால் நம் மூவரில் ஒருவருக்கும் வயிறு எரியாது என்று யோசித்தார்கள். அப்படி அகப்பட்டவர்தான் பெஹாலாவில் பானை விற்ற திருவேங்கடம்.

திருவேங்கடத்தின் வியாபாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் சட்டத்தில் மூன்று பானை, ஒன்றன்மேல் ஒன்று. மேல் பானையில் மரக்கரி, நடுப்பானையில் மணல், அடிப்பானையில் வடிகிற தண்ணீர். மேலே இருக்கிற இரண்டு பானைக்கும் அடியில் ஓட்டை, ஓட்டைமேல் கரியும் மணலும் விழாமல் ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு. குளத்துத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே கண்ணாடி மாதிரி வரும். இது காலராவை நிறுத்துமா என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாந்த்ராகாச்சி ரயில்வே லைனில், சிப்பந்திகளின் வரிசை வீடுகளில், அந்தச் சண்டையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பானை வந்த வீட்டில் சாவு குறைந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கரியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அழுக்கெல்லாம் அதிலேயே தங்கி, பானை இல்லாத வீட்டைவிட மோசமாகிவிடும். ஜனங்கள் சோம்பேறித்தனமாக அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று திருவேங்கடம் தாமே மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் மாற்றுவார். "வித்துட்டு வரதோட என் வேலை ஆயிடுத்துன்னு இருக்க முடியுமா? வித்தது ஓடறதான்னு பாக்க வேண்டாமா?" என்பார். லைனில் வங்காளிகள் அவரை ஜல்பாபு, தண்ணீர்க்கார ஐயா, என்றார்கள். நம்மவர்கள் பானைக்கார ஐயங்கார் என்றார்கள்.

பங்குனி மாதம் செக்ரட்டரி என்னையும் அழைத்துக்கொண்டு பெஹாலாவுக்குப் போனார்.

"சபை உம்மைக் கண்டுபிடிச்சிருக்கு, ஓய்," என்றார்.

"நான் எங்கேயும் காணாமப் போகலையே," என்றார் திருவேங்கடம். கையெல்லாம் கரி.

விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அமாவாசைக்குள்ளே சாந்த்ராகாச்சியில கரி மாத்தணும். வெய்யில் ஏறிண்டிருக்கு. கூட்ஸ் கிளார்க் ஆம்படையா ராஜலக்ஷ்மிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். போன சித்திரையிலே காலராவுக்கு மூணு வயசுப் பொண்ணை வாரிக் கொடுத்தவ. இப்போ கையிலே பத்து மாசக் குழந்தை."

உள்ளேயிருந்து அவர் மனைவி காமு வந்தாள். "பதினோரு வருஷமா பானை, பானை, பானை! நவராத்திரிக்கு வெத்தலை பாக்குக்குக் கூப்பிடறச்சே, 'காமு, கையை நன்னா அலம்பிண்டு வா'ங்கறா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவாளுக்கு மேலே உக்காருங்கோ. அப்புறம் ஆயுசு பூரா கரியிலே உருளுங்கோ, நான் கேக்கலை."

திருவேங்கடம் கரிக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு நாள்தானே?" என்றார்.

"ஒரு நாள்தான்," என்றார் செக்ரட்டரி. "அதுக்கு முன்னாடி இருபத்தொரு நாள் தனிவாசம். வியாபாரத்திலே உமக்குப் பற்றில்லைன்னு நிரூபிக்க வேண்டாமா? கடையைப் பூட்டிண்டு பங்களாவுக்கு வந்துடும்."

"கடையைப் பூட்டிட்டா அப்புறம் நான் எப்படி வியாபாரி?"

"அதுதான் நிஷ்காம்யம்."

அதற்குமேல் கேட்கத் திருவேங்கடத்துக்குப் படிப்புப் போதவில்லை. எனக்கும்தான்.

பங்களாவில் முதல் நாள் மனு. 'இந்தப் பதக்கம் எனக்கு வேண்டாம்' என்று மூன்று பிரதி எழுதி, பதக்கம் கோருகிறவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திருவேங்கடம் யோக்கியர், 'எனக்கு வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், என் ஆத்துக்காரிக்குத்தான் வேண்டும்' என்று எழுதினார். 'நினைக்கிறேன்' என்பதில் சந்தேகம் தொனிக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். ஏழாவது தடவை ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது முகப் பயிற்சி. உபதலைவர் வைத்தீஸ்வரய்யர் தினம் சாயங்காலம் வந்து, ஒரு காகித மாலையை அவர் கழுத்தில் போட்டுப் போட்டு எடுப்பார். "மாலை விழறச்சே சந்தோஷம் தெரியப்படாது. துக்கமும் தெரியப்படாது. தெரியாத மாதிரியும் தெரியப்படாது. எங்கே, இன்னொரு தரம்." திருவேங்கடத்துக்கு மாலை விழுந்தால் தும்மல் வரும். தும்மல் ஆசையின் அறிகுறியா என்பது பற்றி ஒரு உபகமிட்டி உட்கார்ந்தது. இல்லை என்று மூன்றுக்கு இரண்டு வோட்டில் தீர்ந்தது.

பிறகு சித்திரக்காரர் வந்தார். திருவேங்கடத்தைப் பானைகளோடு வரைந்திருந்தார். தலைவர் பார்த்துவிட்டு, "பானை சபைக்குக் கௌரவமில்லை," என்றார். பானையை அழித்து ஒரு கடிகாரத்தை வரைந்தார்கள். கரிப்பிடித்த கையும் நன்றாயில்லை என்று அங்கவஸ்திரத்தால் மூடினார்கள். கடைசியில் தலைப்பாகை ஒன்று ஏறி, யார் வீட்டுப் படமோ ஆகிவிட்டது.

பொய் சொல்வானேன், ஐந்தாம் நாளே திருவேங்கடத்துக்கு அந்தச் சாய்வு நாற்காலி பிடித்துவிட்டது. ஸார் என்று கூப்பிட்டார்கள். வெள்ளித் தம்ளரில் காப்பி வந்தது. பத்தாம் நாள் அவர் தம் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி முழுக்கப் போயிருந்தது. "என் கை இவ்வளவு வெளுப்பா இருக்கும்னு எனக்கே தெரியாது," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அமாவாசை அன்று மட்டும் கொஞ்சம் தவித்தார். "ராஜலக்ஷ்மி கடுதாசி போட்டாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதுதான் பொய். விதி பதினொன்றின்படி சிரோமணிக்கு வருகிற கடிதம் எதையும் அவரிடம் கொடுக்கக்கூடாது. புகழ்ந்து எழுதியிருந்தால் மனம் கெட்டுவிடுமாம். பெஹாலாவுக்கு வந்த தபாலெல்லாம் தபாலாபீஸிலிருந்தே சபைக்குத் திருப்பப்பட்டு என் கைக்கு வந்தது. முதல் கார்டில், 'மாமா, கரி நாள் தாண்டிவிட்டது. தண்ணீர் மஞ்சளாக வருகிறது. எப்போது வருகிறீர்கள்?' என்று இருந்தது. செக்ரட்டரியிடம் காட்டினேன். "ஸ்தோத்திரம் ஒண்ணும் இல்லையே? அப்போ கோப்பிலே வையும்," என்றார். வைத்தேன். இரண்டாவது கார்டில், 'ஆறாம் நம்பர் வீட்டு ஹாரன், பாயிண்ட்ஸ்மேன், நேற்று நம்மை விட்டுப் போய்விட்டார். அவர்கள் வீட்டிலும் உங்கள் பானைதான்' என்று இருந்தது. அதையும் கோப்பில் வைத்தேன். எனக்கும் சாப்பாடு வேண்டும், சபையில் கமிட்டி அங்கத்தினனாகவும் ஆக வேண்டும். அப்போது அப்படித்தான் இருந்தேன்.

விழா வருஷப் பிறப்பன்று, பகலில். பங்களா முழுக்க மாவிலைத் தோரணம். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மேடை நடுவில் திருவேங்கடத்தின் மூன்று பானை. சுண்ணாம்பு பூசி, கோலம் போட்டு, மாலை சாத்தியிருந்தார்கள். தலைவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. பங்களாவுக்குப் பின்னால், வண்ணான் துறையும் எருமையும் சேர்ந்த குளத்துத் தண்ணீரைச் சபை முன்னாலேயே பானையில் ஊற்ற வேண்டும். வடிந்ததைப் பிரசாதமாக விநியோகிக்க வேண்டும்.

தலைவர் எழுந்தார். அவர் பேசினதை வார்த்தை தவறாமல் எழுதியிருக்கிறேன்.

"மகாஜனங்களே! நான் முப்பது வருஷமாகப் பிறர் அறியாமல் உழைத்தவன். என் உழைப்பை யாரும் அறியவில்லை என்பதை இந்த ஊரில் அறியாதவர் கிடையாது. ஆகையால் புகழை விரும்பாதவன் எப்படியிருப்பான் என்று எனக்குத்தான் தெரியும். இந்தத் திருவேங்கடம் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார் என்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அது சுத்தம் என்று இந்தச் சபை தீர்மானம் போட்ட பிறகுதான் அது சுத்தமாகிறது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் யார் என்று நான் என் வாயால் சொல்லப்போவதில்லை. அச்சடித்துத் தங்கள் கையில் கொடுத்திருக்கிறது."

கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று. உபதலைவர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார். திருவேங்கடத்தின் முகத்தில் சந்தோஷமுமில்லை, துக்கமுமில்லை. இருபத்தொரு நாள் பயிற்சி வீண் போகவில்லை. மாலையை எடுத்துக் கொடுக்க நான் மேடையேறினேன். அன்று காலையில் வந்த மூன்றாவது கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. ஏனோ, மாலையோடு சேர்த்து அதையும் திருவேங்கடத்தின் கையில் வைத்துவிட்டேன்.

'மாமா, குழந்தைக்கும் இந்தத் தண்ணீரைத்தான் கொடுக்கிறேன். காய்ச்சலாம் என்றால் விறகு இல்லை. முதல் இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. எங்கள்மேல் ஏதாவது கோபமா?'

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் பின்னால் குளத்துத் தண்ணீரைப் பானையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திருவேங்கடம் திரும்பினார். மேல் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கரி எங்கே?" என்றார்.

"உஸ்! விதி பதினேழு. சிரோமணி மேடையிலே வாயைத் திறக்கப்படாது," என்றார் செக்ரட்டரி.

"கரி எங்கேய்யா?"

"மங்கள காரியத்திலே கரியா? மேடைக்கு ஆகாது. எடுத்துட்டு மஞ்சள் அக்ஷதையும் ரோஜாப்பூவும் போட்டிருக்கோம். மூட்டை பின்னாலே கிடக்கு."

திருவேங்கடம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சபையைப் பார்த்துக் கத்தினார். "குடிக்காதேங்கோ! யாரும் இதைக் குடிக்காதேங்கோ!"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டேளா? தன் தண்ணியைத் தானே குடிக்காதேங்கறார்! இதுதானய்யா அடக்கம்!" என்றார். அப்படியொரு கைதட்டலை நான் அந்தப் பங்களாவில் கேட்டதில்லை. அவர் கத்தக் கத்த இவர்கள் தட்டினார்கள். "விஷம்!" என்றார். "ஆஹா!" என்றார்கள்.

திருவேங்கடம் கையை இறக்கினார். விடுவிடென்று மேடைக்குப் பின்னால் போய்க் கரிமூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பக்கவாசல் வழியாக இறங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து காமு எழுந்து ஓடினாள். மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். அவள் உடுத்தியிருந்தது கல்யாணப் புடவை.

"புடவையெல்லாம் கரியாயிடும், காமு."

"ஆகட்டும். கையை அப்புறமா அலம்பிக்கறேன். நடங்கோ."

இரண்டு பேரும் டிராமைப் பிடித்து, ஹௌராவில் மிதவைப் பாலத்தைத் தாண்டி, சாந்த்ராகாச்சி ரயிலேறினார்களாம். சரிகை அங்கவஸ்திரமும் பதக்கமும் கரிமூட்டையுமாக.

இங்கே தண்ணீர் விநியோகம் அந்தஸ்துப்படி நடந்தது. தலைவருக்கு வெள்ளித் தம்ளரில் இரண்டு. உபதலைவருக்கு ஒன்று. கமிட்டி அங்கத்தினர் ஐவருக்கும் உத்தரணியால் ஒவ்வொரு கரண்டி. செக்ரட்டரி ஜாக்கிரதைக்காரர், உதட்டில் ஒற்றிக்கொண்டார். ரோஜா மணம் தூக்கலாக இருக்கிறது என்றார்கள். சாதாரண அங்கத்தினருக்குக் குடிக்கக் கொடுக்கும் வழக்கமில்லை. மாவிலையால் தலையில் தெளித்தார்கள். என் மேல் இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவது வரிசைக்காரர் ஒருவர் தமக்கும் ஒரு கரண்டி வேண்டும் என்று செக்ரட்டரியிடம் கேட்டு அவமானப்பட்டுத் திரும்பினார். இப்போது அவர் செக்ரட்டரிக்குத் தினம் நமஸ்காரம் பண்ணுகிறார்.

நோயும் அதே வரிசையில் வந்தது. மறுநாள் மத்தியானம் தலைவர் போனார். அதற்கு மறுநாள் உபதலைவர். கமிட்டி ஐவரும் நாலு நாள் கிடந்து எலும்பும் தோலுமாக எழுந்தார்கள். தலைவர் கடைசியாக என்னைக் கிட்டக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். "முதல் தம்ளர் நான்தான் குடிச்சேன்னு எழுதிக்கோ," என்றார். எழுதிக்கொண்டேன்.

பத்தாம் நாள் அவசரக் கூட்டம். செக்ரட்டரி இப்போது தற்காலிகத் தலைவர். "டாக்டர் ஏதோ தண்ணீர் என்கிறார். சபையின் தண்ணீரைப் பற்றிப் பேச டாக்டர் அங்கத்தினர் அல்ல," என்றார். அதிக உற்சாகத்தால் மரணம் என்று பதிவாயிற்று. சிரோமணி மேடையில் வாய் திறந்ததற்கும் அனுமதியின்றி இறங்கினதற்கும் கண்டனம். உயிரோடிருக்கிறவன் எவனையும் ஆசையில்லாதவன் என்று நம்புவதற்கில்லையாதலால், இனிப் பதக்கம் காலமானவர்களுக்கே. முதல் பதக்கம் சீதாராமய்யருக்கு. இருப்பதோ ஒரே பதக்கம். அதைத் திருப்பி வாங்கிவர செக்ரட்டரியே புறப்பட்டார், ரசீது எழுத என்னை அழைத்துக்கொண்டு.

திருவேங்கடத்தைச் சாந்த்ராகாச்சி லைனில்தான் பிடிக்க முடிந்தது. விழாவன்று வந்தவர்கள் இன்னும் பெஹாலாவுக்குத் திரும்பவில்லை. ராஜலக்ஷ்மி வீட்டு வாசலில் காமு கரியை அலம்பிக்கொண்டிருந்தாள். ராஜலக்ஷ்மியின் இடுப்பில் குழந்தை. மெலிந்திருந்தது, கண் குழிந்திருந்தது, ஆனால் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

நல்ல வெயில். செக்ரட்டரிக்கு நா வறண்டு போயிற்று. "முதல்லே கொஞ்சம் தீர்த்தம்," என்றார். ராஜலக்ஷ்மி அடிப்பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். மடமடவென்று குடித்தார். இன்னும் ஒன்று கேட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "சபையின் சொத்து உம்மிடம் இருக்கு. பதக்கம்," என்றார்.

"இப்போ நீங்க குடிச்சேளே, அந்தத் தண்ணி அதும் வழியாத்தான் வந்தது," என்றார் திருவேங்கடம்.

செக்ரட்டரி தம்ளருக்குள் பார்த்தார்.

"நான் வரச்சே நடுப்பானையிலே சில்லு உடைஞ்சு மணலெல்லாம் கீழே விழுந்துண்டிருந்தது. அவசரத்துக்குக் கழுத்திலே இருந்ததைக் கழட்டி ஓட்டை மேலே போட்டேன். புதுச் சில்லு கொண்டு வந்தாச்சு, மாத்தத்தான் பொழுதில்லை. இதிலே அவ்வளவா ஓடலை. கொட்டாங்கச்சிக்குக் கிட்டே வராது."

பானையை இறக்கினார். மணலைக் கொட்டினார். பதக்கத்தை எடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். மடியிலிருந்து கொட்டாங்கச்சிச் சில்லை எடுத்து ஓட்டைமேல் வைத்தார். மணலைப் போட்டுப் பானையை ஏற்றினார். செக்ரட்டரி பதக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

"இப்போதான் சரியா விழறது மாமா," என்றாள் ராஜலக்ஷ்மி.

நான் ரசீது எழுதினேன். 'பதக்கம் ஒன்று, நல்ல நிலையில்.' கிளம்பினோம். அப்போது ஆறாம் நம்பர் வீட்டிலிருந்து ஹாரனின் பெண்டாட்டி, காரியம் முடிந்து ஊரிலிருந்து அன்றுதான் திரும்பியவள், கரிப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் வளையல் இல்லை.

"அப்போ மூணு வாரம் ஏன் வரலை ஜல்பாபு?" என்று வங்காளியில் கேட்டாள்.

திருவேங்கடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேடையிலே உக்காந்திருந்தேன் பௌதி," என்று மன்னி முறை வைத்துச் சொன்னார்.

"மேடையிலே உங்களுக்கு என்ன வேலை?" என்றாள். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அவர் அவள் கையிலிருந்த பானையை வாங்கிக் கீழே வைத்தார். பதிலை நான் சொல்லியிருக்கலாம். வங்காளி எனக்கு நன்றாக வரும். உன் வீட்டுச் சாவுச் செய்தி வந்த கார்டு என் கோப்பில் இருக்கிறது, அதற்கு முந்தினதைக் கொடுத்திருந்தால் ஹாரன் இருந்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம்.

திருவேங்கடம் கரிக் கூடையை என் பக்கம் காலால் தள்ளினார். "உக்காந்து அலம்பும்," என்றார். அவருக்குத் தெரியும்.

"ஓய், ரயிலுக்கு நாழியாச்சு!" என்று லைன் கோடியிலிருந்து செக்ரட்டரி கூப்பிட்டார். நான் உட்கார்ந்து அலம்பினேன். அவர் பதக்கத்தோடு தனியாகப் போனார். அது இப்போது பங்களாவில் சீதாராமய்யர் படத்தில் தொங்குகிறது.

சபையில் என் பெயரை அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேங்கடத்தோடு மூட்டை சுமக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆறாம் நம்பர் வீட்டுக்குக் கரி மாற்றுகிறவன் நான்தான். ஹாரன் பெண்டாட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள். என் பெயர் என்னவென்று இதுவரை கேட்கவில்லை. கேட்டால், அந்தக் கார்டுகளையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.